தயங்குவதற்கு எவ்வளவு நேரம்?

1997 நவம்பரில் வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் வெளியிட்ட ‘பிளேட் ரன்னர்’ கணினி விளையாட்டு நான்கு குறுந்தட்டுகளில் வந்தது. முதல் தட்டை இன்றைய விண்டோஸ் 11 கணினியில் போட்டு, நிறுவும் நிரலை அழுத்திப் பாருங்கள். இது உங்கள் கணினியில் ஓடாது என்று ஒரு பெட்டி வரும். அவ்வளவுதான். அந்தக் காலத்து நிறுவும் நிரல்கள் பல 16 பிட்டில் எழுதப்பட்டவை. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்களுக்கு இடமே கிடையாது. பழைய விண்டோஸ் மாதிரி நடி என்று கணினிக்குச் சொல்லும் வசதி ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டாலும் அசையாது.

இதைப் பற்றி இலக்கிய இதழில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பன் ஒருவன் கேட்டான். “டேய், ஓடலன்னா யூடியூப்ல யாராவது ஆடி வெச்சிருப்பான், பாத்துட்டுப் போ. கதைதானே வேணும்?” நிறைய நாவல் வாசிக்கிறவன். ஒரு நாவலின் கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டு நாவலையே வாசித்ததாக யாராவது சொன்னால் சண்டைக்குப் போகிறவன். விளையாட்டு என்றதும் அவனுக்கே கதை மட்டும் போதும் என்று ஆகிவிடுகிறது. இந்தக் கட்டுரை பாதி அவனுக்கான பதில்.

பிலிப் கே. டிக் 1968-ல் எழுதிய நாவலிலிருந்து ரிட்லி ஸ்காட் 1982-ல் எடுத்த படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். விளையாட்டு அந்தப் படத்தின் கதையைத் திருப்பிச் சொல்லவில்லை. அதே நகரம், அதே 2019 நவம்பர், ஆனால் வேறொரு ஆள். ரே மெக்காய் என்ற புதுப் போலீஸ்காரன். படத்தில் டெக்கர்ட் தன் வேட்டையில் அலைந்துகொண்டிருக்கும் அதே நாட்களில் இவன் வேறு தெருக்களில் அலைகிறான். ரன்சிட்டர் என்பவருடைய கடையில் விலங்குகளை யாரோ கொன்று போட்டிருக்கிறார்கள். உண்மையான விலங்குகள் ஏறக்குறைய அற்றுப்போன உலகத்தில் அது பெரிய குற்றம். செய்தது மனிதர்களா, மனிதர்களைப் போலவே செய்யப்பட்ட ரெப்ளிகண்ட்களா என்று மெக்காய் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் ரெப்ளிகண்ட்களைச் சுட்டுவிட வேண்டும். சட்டம் அதைக் கொலை என்று சொல்வதில்லை.

கதையின் தொடக்கத்திலேயே ஒரு இடம் வருகிறது. சைனாடவுனில் ஹவி லீ என்பவரின் நூடல்ஸ் கடை. அங்கே சமையல் வேலை செய்யும் ஸூபனிடம் மெக்காய் பேச்சுக் கொடுக்கிறான். ஸூபன் கொதிக்கும் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு ஓடுகிறான். பின்னாலேயே ஓடிச் சந்துகளுக்குள் நுழைந்தால், ஓரிடத்தில் அவனுக்குப் போக வழியில்லை. எதிரே நிற்கிறான். சுட்டியின் வலது பொத்தானை அழுத்தினால் துப்பாக்கி கையில் வரும். மறுபடி அழுத்தினால் உள்ளே போகும்.

திரையில் ‘சுடு’, ‘விடு’ என்று இரண்டு பொத்தான்கள் வருவதில்லை. இன்றைய விளையாட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கின்றன. காலத்தை நிறுத்திவைத்து, இரண்டு வாக்கியங்களைக் காட்டி, உன் அறம் எது என்று கேட்கின்றன. இங்கே அதெல்லாம் இல்லை. மழை பெய்கிறது, ஸூபன் நிற்கிறான், காலம் ஓடுகிறது. சுடலாம். துப்பாக்கியை உள்ளே வைத்துவிட்டு அவனைப் போகவிடலாம். எதைச் செய்தாலும் பிறகு அதற்கு ஏற்றபடி கதை நகரும். நீங்கள் ஒரு தேர்வு செய்துவிட்டீர்கள் என்றுகூட உங்களிடம் யாரும் சொல்வதில்லை.

இந்தக் காட்சிக்கு உயிர் கொடுப்பது, தயங்குவதற்கு நமக்குக் கிடைக்கும் அந்தச் சில நொடிகள்தான். கொஞ்சம் குறைந்தால் அனிச்சையாகச் சுட்டுவிடுவோம், அப்போது அது வெறும் கைவேகச் சோதனை. கொஞ்சம் கூடினால் உட்கார்ந்து கணக்குப் போடுவோம். இரண்டுக்கும் நடுவில், மனதில் இன்னும் முடிவு வராதபோது கை ஒன்றைச் செய்துவிடுகிற அந்த அளவு நேரத்தை வெஸ்ட்வுட்காரர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு நல்ல சிறுகதைக்காரர் எந்த இடத்தில் பத்தியை முறிப்பது என்று கண்டுபிடிப்பதைப் போல. யூடியூபில் பார்த்தால் கிடைக்காதது இதுதான். அங்கே தயங்குகிறவர் வேறு யாரோ.

நிறுவுவது முதல் தொல்லை என்றால், வேகம் இரண்டாவது தொல்லை. நிறுவும் நிரலைச் சுற்றிக்கொண்டு போக ரசிகர்கள் வழி செய்திருக்கிறார்கள். அப்படிப் போய் விளையாட்டைத் திறந்துவிட்டாலும், பெண்டியம் 90 இருந்தால் போதும் என்று எழுதப்பட்ட நிரல் அது. அந்தக் காலத்து நிரல்களில் ஒரு பழக்கம் உண்டு. சில வேலைகளைக் கடிகாரத்தைப் பார்த்துச் செய்யும், சில வேலைகளை எத்தனை ஃபிரேம் வரைந்தோம் என்று எண்ணிச் செய்யும். கணினி மெதுவாக இருந்தவரைக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே போயின. கணினியின் வேகம் பல மடங்கு ஏறியபோது எண்ணிக்கை மட்டும் தறிகெட்டு ஓடியது, கடிகாரம் பின்தங்கியது. வேகமான கணினியில் இந்த விளையாட்டின் சில காட்சிகள் தாறுமாறாக ஓடும் என்பது இதை ஆடியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. கணினியை வேண்டுமென்றே மந்தப்படுத்தும் சின்னச் சின்ன நிரல்களைப் போட்டு ஆடிய காலம் ஒன்று இருந்தது. எழுத்துகள் கண்ணுக்குத் தப்பி ஓடும் புத்தகத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசிப்பது மாதிரி.

ஆகவே ‘ஓடவில்லை’ என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. தொடங்காமல் இருப்பது ஒன்று. தொடங்கி, ஓடி, ஆனால் வேறொன்றாக ஓடுவது இன்னொன்று. இரண்டாவது ஆபத்தானது, ஏனென்றால் பெட்டி எதுவும் வந்து நம்மை எச்சரிக்காது.

பழைய நிரலை உயிரோடு வைத்திருக்க எளிய வழி, பழைய கணினியையே உயிரோடு வைத்திருப்பது. நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஒரு சோதனைக் கருவி இன்னும் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடுகிறது. அதன் நிரல் வேறெதிலும் ஓடாது. நெட்வொர்க்கில் இணைக்கக்கூடாது என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, மாற்றுக்கு இரண்டு பழைய ஹார்ட் டிஸ்க்குகளை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம். ஒரு கருவிக்கு இது சரி. ஒரு கலைப்படைப்பை இப்படி வைத்தால் அது அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது என்று பொருள். பத்துப் பேர் வரிசையில் நின்று பார்க்கலாம், வீட்டுக்கு எடுத்துப் போய் இரவு இரண்டு மணிக்கு ஆட முடியாது.

மூலநிரல் இருந்தால் புதிய கணினிக்கு ஏற்ப மறுபடி கட்டலாம். இந்த விளையாட்டுக்கு அதுவும் இல்லை. வெஸ்ட்வுட்டை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கி, 2003-ல் மூடி, லாஸ் வேகஸிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாற்றியபோது மூலநிரல் தொலைந்துபோனது. மிஞ்சியது கடைக்குப் போன நான்கு தட்டுகளில் உள்ளது மட்டும்.

இந்த இடத்தில்தான் ஸ்கம்விஎம் வருகிறது. 2001-ல் லூகாஸ்ஆர்ட்ஸின் பழைய சாகச விளையாட்டுகளை ஓடவைப்பதற்காகத் தொடங்கப்பட்ட தன்னார்வத் திட்டம். இதைச் சிலர் எமுலேட்டர் என்கிறார்கள், அது சரியில்லை. எமுலேட்டர் பழைய கணினியைப் போல நடிக்கும். ஸ்கம்விஎம் அப்படிச் செய்வதில்லை. விளையாட்டின் எஞ்சினையே புதிதாக எழுதுகிறது. தட்டிலுள்ள படம், ஒலி, அசைவு எல்லாம் பழையவை. அவற்றை எடுத்து இயக்கும் மூளை மட்டும் புதியது. பிளேட் ரன்னருக்கு அந்த மூளையை எழுத, மூலநிரல் இல்லாமல், முடிந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து, இது ஏன் இங்கே 3 என்று எண்ணுகிறது, இவர் ஏன் இந்தக் கதவருகே வந்ததும் திரும்புகிறார் என்று வருடக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. 2019 அக்டோபரில் வந்த ஸ்கம்விஎம் 2.1.0-ல் பிளேட் ரன்னர் சேர்ந்தது. கதை நடக்கும் மாதத்துக்கு ஒரு மாதம் முன்னால். டிசம்பரில் ஜிஓஜி தளம் அதை ஸ்கம்விஎம்மோடு சேர்த்தே விற்பனைக்கு வைத்தது.

நான் ஸ்கம்விஎம்மின் அமைப்புப் பக்கத்தை ஒரு விமர்சனக் கட்டுரையைப் போலத்தான் வாசித்தேன். நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் போகாதபடி ஒரு உச்சவரம்பு இயல்பாகவே போட்டிருக்கிறார்கள். வேண்டுமானால் உயர்த்திக்கொள்ளலாம், ஆனால் நீங்களாகப் போய்த்தான் உயர்த்த வேண்டும். மெக்காய் ஓடும்போது சுட்டியை அழுத்திக்கொண்டே இருக்காவிட்டால் அவன் வேகம் குறைந்துவிடும். அந்தச் சோர்வை நீக்க இன்னொரு தேர்வு. ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. இந்தச் சோர்வு பழுதா, பாத்திரத்தின் இயல்பா? எனக்கு அது இயல்பு என்றுதான் படுகிறது. எப்போதும் மழையில் நடக்கிற, தன்மேல் நம்பிக்கையில்லாத ஒரு ஆள் மூச்சு வாங்காமல் ஓடினால் நன்றாகவா இருக்கும்? ஆனால் ஸ்கம்விஎம்காரர்கள் எனக்காக முடிவெடுக்கவில்லை. மூலம் எப்படி இருந்ததோ அதை முதலில் வைத்து, மாற்றத்தைப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். வசனங்களுக்கு நடுவே சிரிப்பொலி சேர்க்கும் ‘சிட்காம்’ தேர்வுகூட இருக்கிறது. வெஸ்ட்வுட்டே அதை ஒளித்துவைத்திருந்தது. ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். எல்லாரும் சாகிற கதையில் பார்வையாளர்கள் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். கொடூரம்.

2022 ஜூன் 23 அன்று நைட்டைவ் ஸ்டூடியோஸ் ‘மேம்பட்ட பதிப்பு’ ஒன்றை வெளியிட்டது. அவர்களுக்கும் மூலநிரல் கிடைக்கவில்லை, அவர்களும் பிரித்துப் பார்த்தே கட்டினார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கணினி இல்லாமல் ஸ்விட்சிலும் பிளேஸ்டேஷனிலும் ஆட முடிந்தது அவர்களால்தான். ஆனால் அவர்கள் செய்த வாசிப்பு எனக்கு ஒப்பவில்லை. விளையாட்டின் காணொளிக் காட்சிகள் குறைந்த ஃபிரேம்களில் எடுக்கப்பட்டவை. அவற்றை வழுவழுப்பாக்க, இரண்டு அசல் ஃபிரேம்களுக்கு நடுவில் என்ன இருந்திருக்கும் என்று கணினியையே ஊகிக்கவைத்து இடைஃபிரேம்களைச் செருகி, 60 ஃபிரேமாக உயர்த்தினார்கள். மழை மழுங்கிவிட்டது. புகையிலும் முகங்களிலும் இருந்த நுண்ணிய சொரசொரப்பு போய்விட்டது.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. இந்த விளையாட்டின் கதையே, நடக்காத ஒன்றை நடந்ததாக ஒருவர் நினைவில் செருகிவைப்பதைப் பற்றியது. ரெப்ளிகண்ட்களுக்குக் குழந்தைப்பருவம் கிடையாது, அது இருந்தது போன்ற நினைவு மட்டும் உண்டு. ஒரு கட்டத்தில் மெக்காய்க்குத் தன் நினைவுகள்மீதே சந்தேகம் வருகிறது. அந்தக் கதையைச் சொல்லும் படங்களுக்குள், யாரும் வரையாத, எந்தக் கண்ணும் பார்க்காத ஃபிரேம்களைச் செருகியிருக்கிறார்கள். யோசித்துச் செய்திருந்தால் மேதைமை என்று சொல்லியிருப்பேன்.

இன்னும் வலித்தது வேறு. மேம்பட்ட பதிப்பு வந்தபோது ஜிஓஜியில் பழைய பதிப்பைத் தனியாக வாங்க முடியாமல் போனது. ஆடுகிறவர்கள் கத்திக் கூச்சல் போட்ட பிறகுதான் மறுபடி தனியாக வைத்தார்கள். ஒரு புதிய உரை வந்ததும் பழைய மூலத்தைக் கடையிலிருந்து எடுப்பது மாதிரி. எந்தப் பதிப்பாசிரியரும் வெட்கப்பட வேண்டிய காரியம்.

எது மூலம் என்று கேட்டால் அதுவும் சுலபமில்லை. படத்துக்கே 1982, 1992, 2007 என்று பாடபேதங்கள் இருக்கின்றன. விளையாட்டின் இசை வாஞ்செலிஸின் ஒலிப்பதிவு இல்லை. பிராங்க் கிளெபாக்கி அதைக் காதால் கேட்டுக் கேட்டு மறுபடி உருவாக்கியது. இந்த விளையாட்டே ஒரு ரெப்ளிகண்ட். அதன் எஞ்சினைக் காதால் கேட்பது போல மறுபடி உருவாக்கியது ஸ்கம்விஎம். போதாததற்கு, ஒவ்வொரு முறை புதிதாகத் தொடங்கும்போதும் லூசி, டெக்டோரா போன்ற சில பாத்திரங்கள் மனிதர்களா ரெப்ளிகண்ட்களா என்பதை விளையாட்டே குலுக்கல் முறையில் தீர்மானித்துவிடும். என் முதல் ஆட்டத்தில் லூசி ரெப்ளிகண்ட். மேலே சொன்ன நண்பன் ஒருவழியாக ஆடியபோது அவனுக்கு மனுஷி. இருவரும் லூசியைப் பற்றி அரை மணி நேரம் விவாதித்தோம், பிறகுதான் இரண்டு வேறு லூசிகள் என்று தெரிந்தது. ஒரு நாவலில் இதைச் செய்ய அச்சகம் ஒவ்வொரு பிரதியையும் மாற்றி அடிக்க வேண்டும்.

தட்டுகளில் இருந்தும் விளையாட்டில் பயன்படாத வசனங்களையும் துண்டுகளையும் எடுத்துச் சேர்த்த ‘மீட்டெடுத்த உள்ளடக்கம்’ என்ற வடிவத்தையும் ஸ்கம்விஎம் தனியாகத் தருகிறது. ஆசிரியர் அடித்துவிட்ட வரிகளை அடிக்குறிப்பில் தரும் ஆய்வுப்பதிப்பு போல. தனியாக வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பிடித்தது.

பழையது என்பதால் எல்லாமே பொன் என்று சொல்ல வரவில்லை. லூசிக்குப் பதினான்கு வயது. அவளுக்கும் மெக்காய்க்கும் நடுவில் இருப்பது என்ன உறவு என்பதில் விளையாட்டு அசிங்கமாகத் தடுமாறுகிறது. அவளை டெக்டோராவோடும் சக அதிகாரி ஸ்டீலோடும் ஒரே தட்டில் வைத்து, மெக்காயின் மனம் யார் பக்கம் என்று கேட்பது போன்ற இடங்களை இன்று கூசாமல் ஆட முடியாது. அதே போலச் சைனாடவுன். அமெரிக்கர்களுக்கு 1982-லும் 1997-லும் சீன எழுத்துப் பலகை, நியான், மழை, தெருவோர நூடல்ஸ் எல்லாம் சேர்ந்தால் அது பயமுறுத்தும் எதிர்காலம். நான் பார்த்தபோது மழை நாளில் பெட்டாலிங் ஸ்திரீட் மாதிரி இருந்தது. பசித்தது. ஹவி லீ தன் கடையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு ஒதுங்கிவிடுகிறார். அந்த நகரம் அவருடையதாகவும் இருக்கலாம் என்று கதைக்குத் தோன்றவே இல்லை.

மனிதர்களின் உருவமும் கரடுமுரடுதான். முப்பரிமாண அட்டைகள் எல்லார் வீட்டிலும் இல்லாத காலம் என்பதால், ஒவ்வொரு ஆளையும் கிடைமட்டத் துண்டுகளாக வெட்டி, அடுக்கி, செயலியைக் கொண்டே வரைந்தார்கள். கிட்டே வந்தால் முகம் கலைந்து தெரியும். ஆனால் அந்தத் துண்டுகள்மேல் காட்சியின் வெளிச்சம் விழும். மெக்காய் ஒரு ஜன்னலைக் கடந்தால் அவன் கோட்டில் ஒளி ஏறி இறங்கும். முகம் சரியாகத் தெரியாத ஆட்கள்மேல் வெளிச்சம் மட்டும் சரியாக விழுகிற உலகத்தில், எதிரே நிற்பவர் மனிதரா இல்லையா என்று கேட்பதற்கு வேறு ஏற்பாடு தேவைப்படவில்லை.

ஆட விரும்புகிறவர்களுக்கு: பழைய தட்டுகள் கையில் இருந்தால், நான்கின் கோப்புகளையும் ஒரே கோப்புறையில் போட்டு ஸ்கம்விஎம்முக்குக் காட்டினால் போதும். ஒரு கவனம். ஒவ்வொரு தட்டிலும் சிடிஃபிரேம்ஸ் என்று ஒரே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது, உள்ளே இருப்பது வேறு வேறு. ஆட்களின் அசைவுகள் அதில்தான். அப்படியே நகலெடுத்தால் பின்னால் வருவது முன்னால் வந்ததை அழித்துவிடும். ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் 1 முதல் 4 வரை தட்டின் எண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தட்டு இல்லாதவர்கள் ஜிஓஜியில் வாங்கலாம். மேம்பட்டது வேண்டாம், பழையதே போதும். மீட்டெடுத்த உள்ளடக்கத்தை முதல் ஆட்டத்தில் தொடாதீர்கள். உச்சவரம்பையும் மெக்காயின் சோர்வையும் இருக்கிறபடியே விடுங்கள். ஸூபன் ஓடும் சந்துக்குள் போவதற்கு முன் சேமித்துவைக்காதீர்கள், கையில் இருக்கும் ஃபோனைக் கவிழ்த்துவிடுங்கள்.